முத்தும் பஞ்சும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்



நம்முடைய காரியாபட்டியைத் தொட்டுக்கொண்டு தெற்கே ஓடும் நான்குவழிச் சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் செல்வதை நீங்கள் காண்கிறீர்கள். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை என்று நீளும் அந்தச் சாலை தூத்துக்குடிக் கடற்கரையில் போய் முடிகிறது. நம் மாவட்டத்துத் தீப்பெட்டியும் நூலும் அவ்வழியே சென்று கப்பலேறுகின்றன. நம்மில் பலருக்குத் தூத்துக்குடி என்றால் உப்பும் மக்ரூனும் பனிமய மாதா தேரும் நினைவுக்கு வரும். அந்தத் துறைமுகத்தின் வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவம் கப்பலில் வந்த மதம் என்று நம் பிள்ளைகளிடம் கல்லூரியிலும் வேலைத்தலத்திலும் சொல்லுகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்கிறார்கள். கேட்பவர்மீது கோபப்படுவதனால் பயனில்லை. அந்தக் கப்பல்களில் யார் வந்தார்கள், எதைத் தேடி வந்தார்கள், அவர்கள் திரும்பிப் போன பின்பு எது தங்கியது என்று நிதானமாய் ஆராய்வதே நமக்குத் தகும். நம் தேசத்தில் அதை ஆராய்வதற்குத் தூத்துக்குடியைப்போல் ஏற்ற ஊர் சிலவே.

முதலில் முத்து. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியரின் கொற்கை இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளித் தள்ளி, கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. துறைமுகம் கடலைத் தொடர்ந்து காயலுக்குப் போயிற்று. காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் எழுந்தன. ஊர் மாறினாலும் தொழில் மாறவில்லை. ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் கால் ஊன்றி, இடுப்பில் வலைப்பையோடு மனிதன் கடலடிக்கு இறங்குவான். மூச்சு அடங்குமுன் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளிக் கயிற்றை அசைப்பான். மேலே படகில் இருப்பவன் இழுத்துக்கொள்ள வேண்டும். கயிறு பிடிக்கிறவன் மனைவியின் சகோதரனாக இருப்பது வழக்கம் என்று கடற்கரையில் இன்றும் சொல்லுவார்கள். தன் தங்கை விதவையாகக் கூடாதென்று மைத்துனன் கவனமாய்ப் பிடிப்பானாம்.

இந்தத் தொழிலில் இறங்கியவர்களை உலகம் எப்படி நடத்தியது? முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்று கூறுகிறது. நம் ஆண்டவர் விலையேறப்பெற்ற முத்தைத் தேடிய வியாபாரியின் உவமையைச் சொன்ன அதே நூற்றாண்டு அது. ரோமாபுரிப் பெண்களின் கழுத்தில் கிடந்த முத்துகளில் சில, நம் கடலில் மூச்சைப் பணயம் வைத்த கைதிகள் எடுத்தவை. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு போயிற்றென்றும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போயிற்றென்றும் எழுதினார். மந்திரக்காரர் கரையிலும் படகிலும் இருந்தார்கள். சுறாவின் அருகே இருந்தவன் முத்துக்குளிப்பவன்.

இனி கப்பல்களுக்கு வருவோம். 1530-களில் இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்துப் பரதவர்களுக்கும் அரபு வணிகத்தோடு தொடர்புடைய முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரும் பூசல் மூண்டது. போர்த்துக்கலுக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியிருந்த ஜோவான் தெ குரூஸ் என்னும் குதிரை வணிகர், போர்த்துக்கீசரிடம் அடைக்கலம் கேட்கலாம் என்று ஆலோசனை சொன்னார். பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த் தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். அவர்கள் பாதுகாப்பைக் கேட்டார்கள். போர்த்துக்கீசர் ஞானஸ்நானத்தைக் கேட்டார்கள். 1537-க்குள் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். போர்த்துக்கீசருக்கு முத்துக் கடலும், பரதவருக்குப் பீரங்கியின் நிழலும் கிடைத்தன.

இதைக் கேட்டவுடன், இது விசுவாசமா, ஒப்பந்தமா என்று நீங்கள் நினைப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். அதே பத்தாண்டில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு துறைமுகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். வட ஜெர்மனியின் எல்ப் நதிக்கரையிலுள்ள ஹாம்பர்க் வணிகர்களின் நகரம். பால்டிக் கடலருகே லூபெக் இன்னொன்று. ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பின் இந்நகரங்களை நகர மன்றத்தில் அமர்ந்த வணிகர்களே ஆண்டார்கள். லூத்தரின் உபதேசம் அங்கே பரவியபோது, குடிமக்கள் மன்றத்தை நெருக்க, மன்றம் இணங்க, லூத்தரின் தோழர் யோகான்னஸ் புகன்ஹாகன் அழைக்கப்பட்டு 1529-இல் ஹாம்பர்க்குக்கும் 1531-இல் லூபெக்குக்கும் சபை ஒழுங்கை எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடங்களும் ஏழைகளுக்கான பொதுப் பெட்டியும் அதில் இடம்பெற்றன. இறையியல் கல்லூரியில் இதைச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று படித்தோம். அங்கும் ஒரு நகரம் கூடி முடிவெடுத்தது. அங்கும் அரசியல் இருந்தது, வரியும் வணிகமும் இருந்தன. ஹாம்பர்க்கின் வணிகர் கூடி எடுத்த முடிவை விசுவாசம் என்று எழுதுகிற புத்தகங்கள், பரதவர் கூடி எடுத்த முடிவை மட்டும் பேரம் என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வேறுபாடு மெய்தான். ஹாம்பர்க்காரர் தம் கப்பல்களுக்குத் தாமே எஜமானர். நம் பரதவருக்கு எஜமானர் வேறொருவர்.

அந்த எஜமானரின் குணத்தை 1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சீக்கிரமே கண்டுகொண்டார். மணி அடித்துக்கொண்டு தெருவில் நடந்து, தமிழில் மனப்பாடம் செய்த ஜெபங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் வசூலான பணத்தில் ஒரு பகுதி போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அரசிக்கே எழுதி, அந்தப் பணத்தை இங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்போரின் சம்பளத்துக்குத் திருப்பினார் சவேரியார். முத்துக்குளிப்பவனின் பணம் கடல் கடந்து ஓர் அரசியின் பாதரட்சைக்குப் போனது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1544-இல் வடுகர் படைகள் கடற்கரை ஊர்களைச் சூறையாடின. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசத் தளபதி கோஸ்மே தெ பைவா, தன்னை நம்பியிருந்த மக்களைக் காப்பதற்குப் பதிலாக அந்த வடுகருக்கே குதிரைகளை விற்று லாபம் பார்த்துக்கொண்டிருந்தான். சவேரியார் தம் உடன் ஊழியர் மான்சில்யாசுக்கு எழுதிய கடிதங்களில் இந்தத் தளபதியைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தச் செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடிக்கே வந்து தளபதியின் வீட்டையும் கப்பலையும் எரித்தார்கள். அவன் தீவுகளுக்குத் தப்பி ஓடினான். செய்தி கேட்ட சவேரியார், புன்னைக்காயல் மக்களைத் திரட்டி, தண்ணீரும் உணவும் ஏற்றிய படகுகளோடு உடனே அவனுக்கு உதவப் போகும்படி மான்சில்யாசுக்கு எழுதினார். நமக்கும் ரோமன் கத்தோலிக்கருக்கும் உபதேசத்தில் எத்தனையோ வேற்றுமை உண்டு. ஆயினும் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவைத்து விடுகிறேன். துரோகம் செய்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்படி அனுப்பப்பட்டவர்கள், அவன் துரோகத்தால் வீடிழந்த அதே மக்கள்.

இனி நம் பக்கத்துக் கதை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்கள் நம்மைப் போல் சீர்திருத்த சபையார். வேதாகமத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டவர்கள். வந்தவுடன் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள், ஆலயங்களைப் பறித்தார்கள். படையோடு வந்த பிலிப்பு பால்தேயஸ் என்னும் போதகர் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். பால்தேயஸ் கற்றவர்; 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய பெரிய நூலில் தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றன. பரதவர் அவருக்கு இணங்கவில்லை.

இதுதான் நம் பிள்ளைகளின் கேள்விக்கு வரலாறு வைத்திருக்கும் மறுமொழி என்று நான் கருதுகிறேன். பாதுகாப்புக்காகத்தான் அவர்கள் கிறிஸ்தவர் ஆனார்கள் என்றால், பாதுகாத்த கொடி இறங்கியவுடன் அவர்கள் புதிய கொடியின் சபைக்கு மாறியிருக்க வேண்டும். முத்துக்குளிப்பின் அனுமதியும் வரியும் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தன. இறங்கும் கல் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. மாறியிருந்தால் லாபம், மாறாதிருந்ததில் நஷ்டம். ஒரு நூற்றாண்டு முன்பு கொச்சியில் பேரம்போலத் தொடங்கியது, பேரன்மார் காலத்தில் பேரத்துக்கு அடங்காத ஒன்றாய் மாறிவிட்டிருந்தது. டச்சுக்காரர் மதுரை நாயக்கரின் மண்ணில் இருந்தார்களேயன்றி முழு ஆளுகை அவர்களுக்கு இல்லை. வியாபாரம் நடக்க வேண்டுமானால் முத்துக்குளிப்பவர் வேண்டும். காலப்போக்கில் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். இன்று நாம் காணும் பனிமய மாதா ஆலயம் 1713-இல், டச்சுக்காரரின் அதிகாரம் அங்கே நிலவிய காலத்திலேயே எழுந்தது. டச்சுக்காரர் தம் சொந்த ஆராதனைக்கு 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒடுக்கினவர் நம் உபதேசத்தார், உறுதியாய் நின்றவர் மற்றவர். சபை வரலாற்றைக் கற்பிக்கையில் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லக் கூடாது.

பிறகு வந்த காலத்தை வேகமாய்க் கடக்கலாம். ஆங்கிலேயர் 1782-இல் பிடித்து, 1785-இல் திருப்பிக் கொடுத்து, 1795-இல் மறுபடியும் பிடித்து, 1818-இல் மறுபடியும் கொடுத்து, ஒருவழியாய் 1825-இல் உடன்படிக்கையின்படி தமதாக்கிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் யாரோடு யாருக்குச் சண்டை என்பதைப் பொறுத்துத் தூத்துக்குடியின் கொடி மாறியது. நடுவில் 1801-இல் ஊமைத்துரையின் பாஞ்சாலங்குறிச்சி வீரர்களும் ஊரைச் சில காலம் கைப்பற்றினார்கள்.

முத்துக்கு அடுத்து இந்தத் துறைமுகத்தை வளர்த்தது நம் கரிசல் மண்ணின் பஞ்சு. அமெரிக்காவில் அடிமைத்தனத்தை முன்னிட்டு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு வருவது தடைப்பட்டது. நம் பக்கத்துப் பஞ்சின் விலை ஏறியது. விருதுபட்டி என்றிருந்த விருதுநகரின் வணிகம் செழித்ததும் இந்தப் பஞ்சினால்தான். பொதிவண்டிகள் நாட்கணக்காய் நடந்து கடற்கரை சேர்ந்தன. 1876-இல் ரயில் வந்தது. தூத்துக்குடிக் கடல் கரையோரம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே பொதிகளைக் கொண்டுபோய் ஏற்றின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களும் அப்படியே தோணியில் ஏறிக் கப்பலுக்குப் போனார்கள். அவர்களில் நம் மாவட்டத்தார் பலர்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தூத்துக்குடியில் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்து ஞாயிறு ஓய்வை மிகக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட நாடு. அன்று அங்கே கடையும் திறக்காது, பிள்ளைகள் விளையாடவும் மாட்டார்கள். அந்நாட்டார் நடத்திய தூத்துக்குடி ஆலையிலோ தொழிலாளருக்கு வார விடுமுறை இல்லை. கூலியும் சொற்பம்.

இந்த இடத்தில் ஓட்டப்பிடாரத்து வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை வருகிறார். சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்தவர். 1906 அக்டோபரில் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907-இல் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவாக இறக்கியது. கடைசியில் ஆங்கிலேயக் கம்பெனி இலவசமாய் ஏற்றிச் சென்று ஒரு குடையும் கொடுத்தது. (இலவசம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டில் நேற்று தோன்றியதல்ல என்று அறிக.)

கப்பலைப் பற்றி எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆலையைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. 1908 பிப்ரவரி 27, வியாழக்கிழமை, கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்று, ஊரில் நிதி திரட்டி அவர்கள் பட்டினி கிடவாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஒப்புக்கொள்ளப்பட்டது.

உபாகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஓய்வுநாள் அங்கே எஜமானின் பக்திக்காக மட்டும் கொடுக்கப்படவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போல் இளைப்பாற வேண்டும் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். எகிப்தில் செங்கல் அறுத்த ஜனத்துக்கு அது புரியும். தூத்துக்குடியில் அந்தக் கற்பனையை நிறைவேற்ற வழக்காடியவர் ஒரு சைவர்; அதைத் தடுத்தவர்கள் கர்த்தருடைய நாளைத் தம் ஊரில் கண்டிப்பாய் ஆசரித்த நாட்டார்.

மார்ச் 6 வெள்ளிக்கிழமை உடன்பாடு ஆயிற்று. மார்ச் 12 வியாழக்கிழமை வ.உ.சி. திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஞாயிறு, மார்ச் 8, வந்து போனது. கைதுக்கு மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் போலீஸ் சுட்டு நால்வர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். சங்கம் 1911-இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை.

மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பின் சிப்பி இல்லாமற் போயிற்று. ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பல்கள் இப்போது கரைக்கே வருகின்றன. பாரந்தூக்கிகள் பொதிகளைத் தூக்குகின்றன.

ஆனால் பழைய துறைமுகம் ஓயவில்லை. அடுத்தமுறை நீங்கள் தூத்துக்குடிக்குப் போகும்போது, பனிமய மாதா ஆலயத்தையும் டச்சுக்காரரின் ஆலயத்தையும் பார்த்துவிட்டு, நேரே கடைத்தெருவுக்குத் திரும்பாமல் அங்கே வாருங்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் கொண்டுபோகும் மரத் தோணிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. மனிதர் தோளில் சுமந்து ஏற்றுவதை நீங்கள் காண்பீர்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சுமை இறக்கிவிட்டு நிழலில் நிற்கும் ஒருவரிடம் சற்றுப் பேசுங்கள். அன்றைய கூலி என்னவென்றும், அவருக்கு எந்த நாள் ஓய்வென்றும் கேளுங்கள்.